ஜட்ஜ் லீவு போட்ட திங்கட்கிழமை

கோர்ட்டில் ஜட்ஜ் லீவு என்றால் அன்று எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். வக்கீல்கள் தேதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். கேஸ் பேர் கூப்பிடுகிற டபேதார் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். ஆனால் கேஸ் கட்டுகளைக் கவனிக்கிற பெஞ்ச் கிளார்க்குக்கு அன்றுதான் மிகவும் பயப்பட வேண்டிய நாள். அந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஊர் கேரளாவில், பாலக்காட்டுப் பக்கத்துப் பெருமாட்டி. அங்கேயே சித்தூர்ப் பக்கம் ஒரு கோர்ட்டில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். கேஸ் கட்டுகளைத் தூக்கி, அடுக்கி, நூல் கட்டிப் பழகி, பிறகு பதவி உயர்வில் கிளார்க் ஆனேன். கடைசி ஒன்பது வருடம் பெஞ்ச் கிளார்க். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் வராது. கல்யாண வீட்டில்கூட இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று கேட்க மாட்டேன். இவள் எப்படிக் கோர்ட்டில் இத்தனை வருடம் இருந்தாள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கோர்ட்டில் பேசுவது வக்கீல் வேலை, எழுதுவது நம் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இடுக்கி மலையில் ஒரு முன்சீப் கோர்ட்டுக்கு மாற்றல் ஆகி, நான் இப்போது சொல்லப்போகிற திங்கட்கிழமை வரும்வரை அந்த நினைப்பு எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

ஜட்ஜ் லீவு போட்டால் பக்கத்து ஊர் ஜட்ஜ் இன்சார்ஜ் ஆக இருப்பார். அவர் நம் கோர்ட்டுக்கு வர மாட்டார். சாதாரண கேஸ்களுக்கு நாமே அடுத்த தேதியை அறிவித்துவிடலாம். ஆனால் தடை உத்தரவு உள்ள கேஸ்கள் அப்படி இல்லை. "அடுத்த விசாரணை வரை" என்று போட்ட தடை அந்த விசாரணை நாளோடு முடிந்துபோகும். இன்சார்ஜ் ஜட்ஜ் அதை நீட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் உயிர் இருக்கும். அதனால் அந்தக் கட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஒரு பட்டியல் எழுதி, மேலே வைத்துக் கட்டி, அட்டெண்டர் கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்ப வேண்டும். சாயங்காலம் கையெழுத்தோடு திரும்பி வரும்.

அந்தத் திங்கட்கிழமை அப்படி அனுப்ப வேண்டிய கட்டுகள் பதினொன்று. நான் அனுப்பியது பத்து.

பதினொன்றாவது கட்டு மரியபுஷ்பம் என்ற பெண்மணியுடையது. சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் பறித்தவள். கணவர் அதே தோட்டத்தில் வாட்ச்மேனாக இருந்து இறந்துபோனார். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் கடைசி வீடு அவளுடையது. தோட்டம் கை மாறியதும், புதிய நிர்வாகம் அந்த லயத்தை இடித்துவிட்டு சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டப் பார்த்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். இவள் போக மாட்டேன் என்று கேஸ் போட்டாள். கேஸ் முடியும்வரை வீட்டில் கை வைக்கக்கூடாது என்று எங்கள் ஜட்ஜ் தடை கொடுத்திருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் அது நீண்டுகொண்டே வந்தது.

காலையில் கேஸ்களைக் கூப்பிட்டு முடித்தபோது, தோட்டத்து வக்கீல் அந்தக் கட்டை என் மேசையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் நின்று புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கோர்ட் வக்கீல்களில் மூத்தவர். கோர்ட் ஆட்கள் எல்லோரும் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்போம். பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. "சார், அந்தக் கட்டு வேணுமுங்க" என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். இப்போது தருவார், இப்போது தருவார் என்று மற்றக் கட்டுகளைப் பிரித்து எடுத்துப் பட்டியல் எழுதத் தொடங்கினேன்.

அங்கேதான் கெட்டது. மேசை மேலே இருந்த கட்டுகளைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன். அன்றைய கேஸ் லிஸ்டைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் இல்லாத கட்டு பட்டியலில் ஏறவில்லை. அட்டெண்டர் "மணியாச்சு மேடம்" என்றார். கட்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு வக்கீல் கட்டைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். மற்றக் கட்டுகளோடு அதையும் அலமாரியில் அடுக்கிவிட்டேன். சாயங்காலம் பத்துக் கட்டும் திரும்பி வந்தன. பட்டியலில் பத்து, கையில் பத்து. சரியாக இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அவர் வேண்டுமென்றே வைத்திருந்தாரா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கட்டைக் கேட்டு வாங்க வேண்டியது நான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மரியபுஷ்பம் நின்றாள். கையில் குடை, விரிக்கவில்லை. தலை முழுவதும் நனைந்திருந்தது.

"மேடம், ஏணி போட்டுட்டானுவ. ஓடு பிரிக்கப் போறானுவளாம்."

"யாருங்கம்மா?"

"தோட்டத்து ஆளுவதான். கோர்ட்டு உத்தரவு இருக்குன்னு சொன்னேன். மேஸ்திரி போன நோண்டிக் காட்டுதான். 'உன் உத்தரவு நேத்தோட செத்துப்போச்சு கெழவி, காரியம் நடத்திட்டு வா'ங்கான். சிரிக்கானுவ எல்லாவனும். நீங்க சொல்லுங்க மேடம், உத்தரவு இருக்குலா?"

அலமாரியைத் திறந்து கட்டைப் பிரித்தேன். திங்கட்கிழமைக்கு நேரே அடுத்த தேதி என் கையெழுத்தில் இருந்தது. நீட்டிப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கம்ப்யூட்டரிலும் அப்படியே ஏறியிருந்தது. அதைத்தான் மேஸ்திரி போனில் பார்த்திருக்கிறான்.

"பார்த்துச் சொல்றனுங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

எங்கள் சிரஸ்தாரிடம் ஓடினேன். ஆபீஸுக்கு அவர்தான் மூத்தவர். பாலக்காடு டவுன்காரர். கல்பாத்திப் பக்கத்துப் பழைய தமிழ் பேசுவார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததில் பாதி அவர்தான். கட்டைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"பதறாதே. நேத்தைய கேஸெல்லாம் எழுதின டயரியில இன்சார்ஜ் ஜட்ஜ் இன்னும் ஒப்பு போடலை, கேட்டியோ? இன்னிக்குத்தானே அனுப்பப் போறோம். இதுல ஒரு வரி எழுதிச் சேத்துடு. நாப்பது கேஸுக்கு நடுவுல அவர் படிச்சா பாக்கப் போறார்? கட்டுல இருக்கற தாளிலயும் அதே வரி. கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிடுத்துன்னு நான் தோட்டத்துக்கும் போலீஸுக்கும் இப்பவே போன் பண்றேன். அஞ்சு நிமிஷத்துல ஏணியை எறக்கிடுவா."

"அது… பொய்யாயிருமுங்களே சார்."

"பொய்தான். அந்தக் கிழவிக்கு வீடு நிக்கணுமா, வேண்டாமா? நீ நெஜத்தைச் சுமந்துண்டு மலை எறங்கிப் போய் அவர் முன்னாடி நிக்கறதுக்குள்ள அங்க சுவர் விழுந்துடும். அதுக்கு மேல உனக்கு மெமோ. எதுக்காக்கும்?"

அவர் கெட்டவர் இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னதில் கணக்குத் தப்பும் இல்லை. நான் ஒரு வரி எழுதினால் வீடு அப்போதே பிழைக்கும். நேர்மையாகப் போனால் பிழைக்குமா என்று தெரியாது. பேனா என் கையில் இருந்தது. மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

நான் எழுதுகிற பொய் என் கையோடு நிற்காது என்று அப்போது தோன்றியது. அதன் நகலை அவள்தான் கையில் வாங்கிக்கொண்டு போவாள். அதைத்தான் மேஸ்திரியிடம் நீட்டுவாள். நேற்று ராத்திரியே தோட்டத்தில் யாராவது போன் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தால்? திங்கட்கிழமை கட்டு தன் கையில் இருந்தது, இன்சார்ஜ் ஜட்ஜிடம் போகவே இல்லை என்று அந்த வக்கீல் எழுந்து சொன்னால்? என் வேலை போவது பெரிய விஷயம் இல்லை. கோர்ட்டு ஆளைப் பிடித்துப் பொய் உத்தரவு வாங்கியவள் என்ற பேர் அவளுக்கு வரும். பிறகு அவள் கேஸில் எந்தத் தாளை யார் நம்புவார்கள்?

இதையெல்லாம் சிரஸ்தாரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. "வேண்டாமுங்க சார். நான் போறனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர், கட்டுகளை வெளியே கொண்டுபோனால் எழுதுகிற ரெஜிஸ்டரை எடுத்து, தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாடகை ஜீப்ல போ. பஸ்ஸுக்கு நிக்காதே" என்றார்.

மரியபுஷ்பம் என் பின்னாலேயே ஜீப் நிற்கிற இடம் வரை வந்துவிட்டாள். "நானும் வாரேன் மேடம்."

"நீங்க ஏறக் கூடாதுங்க."

"ஏன்? எடம் இருக்குலா?"

"கோர்ட்டு ஆளும் கட்சிக்காரரும் ஒரே வண்டியில போகக் கூடாதுங்கம்மா. நீங்க உங்க வக்கீலம்மாகிட்ட ஓடுங்க. இன்சார்ஜ் கோர்ட்டுக்கு உடனே வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மழையில் அறுபது தாண்டிய ஒரு பெண்ணை ரோட்டில் நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அது சரி. நம் தப்பைத் திருத்த ஓடும்போதுகூட ஒரு பக்கத்து ஆளாகிவிடக் கூடாது.

ஒரு மணி நேரப் பாதை. வளைவுக்கு வளைவு லாரிகள். கட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன். இந்நேரம் எத்தனை ஓடு எடுத்திருப்பார்கள் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை. பாதி வழியில், அந்த வரியை எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தோன்றியது. ஜீப்பைத் திருப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். டிரைவர் "என்ன மேடம்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

இன்சார்ஜ் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஜட்ஜ் இளவயதுக்காரர், கண்டிப்பானவர் என்று பேர். சாட்சி கூண்டில் இருக்கும்போது நடுவில் யாரும் பேசக் கூடாது. அங்கிருந்த பெஞ்ச் கிளார்க் என்னைப் பார்த்து, பொறு என்று கையைக் காட்டினாள். சுவர் ஓரமாக நின்றேன். ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று எழுதத் தொடங்கினேன். "இன்டெரிம் ஆர்டர்" என்று எழுதும்போதே எழுத்து கோணலானது. கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். சாட்சி ஒரு எல்லைக் கல்லைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே தகரக் கூரையில் மழை சத்தம் கூடியது. அந்த மழை மேலேயும் பெய்யும். அங்கே ஓடு இல்லாத வீட்டுக்குள் பெய்யும்.

சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"சார்."

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வக்கீல் வாயைத் திறந்தபடி நின்றார். ஜட்ஜ் பேனாவை வைத்தார்.

"எந்தா காரியம்?"

மலையாளம் எனக்கு நன்றாக எழுத வரும். பேசும்போது பெருமாட்டித் தமிழ் உள்ளே புகுந்துவிடும். அன்று இரண்டும் கலந்து வந்தது. நேற்று ஒரு தடை உத்தரவுக் கட்டை நான் அனுப்பாமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது, இப்போது அந்த வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான், நான் சத்தமாகப் பேசியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஜட்ஜ் கட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சொன்னீர்களா?"

சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"உங்கள் தப்புக்காக நான் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு உத்தரவு போட முடியாது. இங்கே நின்றே அவருக்குப் போன் பண்ணுங்கள்."

முந்தின நாள் யாரிடம் நாலு வார்த்தை கேட்க முடியவில்லையோ, அவருக்கு முழுக் கோர்ட்டும் பார்த்துக்கொண்டிருக்க நான் போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ. நீட்டலையா?" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. "அவங்க போனப் பாத்துட்டு ஏறிட்டாங்க போல. என்னைக் கேட்டுட்டு ஏறல."

"ஜட்ஜ் சார் கேக்கறாருங்க. உங்க ஆளுங்கள நிறுத்தச் சொல்ல முடியுமான்னு. ரெண்டு மணிக்கு ரெண்டு பக்கமும் கேக்கறாருங்களாம்."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தச் சொல்றேன். ரெண்டு மணிக்கு வந்துடறேன்" என்றார்.

அப்போது மணி பன்னிரண்டு பத்து. சாட்சி மறுபடியும் எல்லைக் கல்லுக்குத் திரும்பினார். நான் வராந்தாவுக்கு வந்து காத்து நின்றேன். இரண்டு மணிக்கு இரண்டு வக்கீல்களும் வந்தார்கள். இருவர் பேசுவதையும் கேட்டு, பழைய தடையை ஜட்ஜ் புதிதாகப் போட்டார். மரியபுஷ்பம் நனைந்த சேலையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மலையாளம் புரியும். ஜட்ஜ் உத்தரவைப் படித்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு நின்றது. சமையலறை ஓடு முழுவதும், முன் அறையில் பாதியும் போய்விட்டன. அரிசி, படுக்கை, அடுப்பு எல்லாம் நனைந்தன. ஓட்டைத் திரும்பப் போட வைக்க அவளுக்கு இன்னும் மூன்று வாரமும் இன்னொரு மனுவும் தேவைப்பட்டன. அந்த மூன்று வாரமும் மழைக்காலம்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். சிரஸ்தார் அதை வாங்கி எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். "நீ செஞ்சது சரி. நான்னா செஞ்சிருக்க மாட்டேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. என் சர்வீஸ் புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை ஏறியது. இன்றும் இருக்கிறது. அதன் பிறகு தடை உத்தரவுப் பட்டியலைக் கேஸ் லிஸ்டைப் பார்த்துத்தான் எழுதினேன். கட்டு யார் கையில் இருந்தாலும் போய் முன்னால் நின்று கையை நீட்டினேன். வார்த்தை வராவிட்டாலும் கை நீளும். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

இதோடு நிறுத்தினால் நான் ஏதோ நல்லது செய்தவள் மாதிரி ஆகிவிடும். அடுத்த தேதிக்கு மரியபுஷ்பம் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அவள் நேராக என் மேசைக்கு வந்து ஒரு பொட்டலத்தை வைத்தாள். ஏலக்காய். "எங்க ஆளுவ எல்லாம் சொல்லுதாவ மேடம், நீங்க மட்டும் அன்னைக்கு ஓடலன்னா வீடு தரையோட தரைன்னு. நீங்க நல்லா இருக்கணும்."

பொட்டலத்தை அவள் பக்கமே தள்ளினேன். "இது வேண்டாமுங்க. அன்னைக்கு உத்தரவு முடிஞ்சுபோனது என்னாலதானுங்க. திங்கட்கிழமை உங்க கட்ட நான்தான் அனுப்பாம விட்டேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். முகம் மெதுவாக மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. தன் வீட்டு வாசல்படியில் புதிதாக ஒரு விரிசலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் காலைல மலை எறங்க எனக்கு ஜீப்பு கெடச்சுது, வந்தேன்" என்றாள். "கெடக்கலன்னா?"

பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த தேதி என்னைக்கு?" என்று கேட்டாள். தடை நீண்டிருப்பதையும் தேதியையும் சீட்டில் எழுதி, கட்டோடு ஒத்துப்பார்த்துக் கொடுத்தேன். அதுவரை எத்தனையோ தேதிகளுக்கு நான் கொடுத்த சீட்டைப் பார்க்காமலே மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு போனவள் அவள். அன்று வராந்தாவில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் அதை நீட்டி, "தம்பி, இதுல நீட்டியிருக்குன்னுதான எழுதியிருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லும்" என்று கேட்டு, அவர் படித்துக் காட்டிய பிறகுதான் படி இறங்கினாள்.